அரசனின் கையெழுத்தும் உழவனின் மௌனமும்

1772 ஜனவரி 17, அதிகாலை. கோபன்ஹேகனில் உள்ள கிறிஸ்டியான்ஸ்போர் அரண்மனையில் முகமூடி நடனம் முடிந்து விளக்குகள் அணைந்துவிட்டன. சற்று நேரத்தில், மன்னரின் சிற்றன்னை யூலியான மரியாவும் அவருடைய ஆட்களும் மன்னரின் படுக்கையறைக்குள் நுழைந்தனர். தூக்கம் கலைந்து மிரண்டுபோன மன்னர் ஏழாம் கிறிஸ்டியனிடம் கைது ஆணைகளை நீட்டினர். அவரும் கையெழுத்திட்டார். பொழுது விடிவதற்குள் நாட்டை நடத்திவந்த அமைச்சர் ஸ்ட்ரூயன்சே சிறையில் அடைக்கப்பட்டார். இருபதே வயதான அரசி கரோலின் மத்தில்டா குரொன்போர் கோட்டைக்குக் கொண்டு செல்லப்பட்டார். ஏறத்தாழ பதினாறு மாதங்களாக ஐரோப்பாவே வியந்து பார்த்த ஒரு சீர்திருத்த ஆட்சி, ஒரு துளி ரத்தமும் சிந்தப்படாமல், எதிர்ப்பதற்கு ஒருவரும் இல்லாமல், ஒரே இரவில் முடிந்துபோனது.

இந்த வரலாற்றைத்தான் டேனிஷ் இயக்குநர் நிகோலாய் ஆர்செல் 2012ஆம் ஆண்டு 'எ ராயல் அஃபேர்' என்ற திரைப்படமாக்கினார். அவ்வாண்டு பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கும் சிறந்த திரைக்கதைக்குமான வெள்ளிக்கரடி விருதுகளைப் பெற்ற படம் இது. அயல்மொழிப் படங்களுக்கான ஆஸ்கார் விருதின் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. பட்டாடை, பொய்முடி, மெழுகுவர்த்தி வெளிச்சம், கள்ளக் காதல், கொலைக்களம் என அரச குடும்பப் படங்களுக்குரிய அனைத்தும் இதில் உண்டு. ஆனால் அவற்றுக்கு நடுவே, இடதுசாரி இயக்கத்தில் உள்ள ஒவ்வொருவரும் நின்று யோசிக்க வேண்டிய ஒரு கேள்வியும் இருக்கிறது. மக்களுக்காகச் சட்டம் இயற்றியவர் வீழ்ந்த நாளில், மக்கள் ஏன் வரவில்லை?

திருமணம் என்னும் உடன்படிக்கை

கரோலின் மத்தில்டா பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் தங்கை. 1751இல் பிறந்தவர். தந்தை இறந்த பிறகு பிறந்த குழந்தை. 1766 அக்டோபர் 1 அன்று லண்டனில் அவருக்குத் திருமணம் நடந்தபோது மணமகன் அங்கே இல்லை. மணமகனின் இடத்தில் அவருடைய சொந்தச் சகோதரர் ஒருவரே நின்று சடங்கை முடித்தார். அப்போது மணமகளுக்கு வயது 15. மணமகன் ஏழாம் கிறிஸ்டியனுக்கு வயது 17. அந்த ஆண்டு ஜனவரியில்தான் அவர் அரியணை ஏறியிருந்தார். எல்லையைத் தாண்டியதும் உடன் வந்த ஆங்கிலேயப் பணிப்பெண்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தெரியாத மொழி, தெரியாத நாடு, பார்த்தே இராத கணவன். அந்தக் கணவனோ கடுமையான மனநோயால் அவதிப்பட்டவர். அவருக்குத் தேவைப்பட்டது சிகிச்சை. அரசவை அவருக்குக் கொடுத்தது மகுடமும் மனைவியும்.

அரசகுல மக்களுக்குத் திருமணம் என்பது ஓர் அரசியல் நடவடிக்கை, அங்கே தீர்மானிப்பது குலத்தின் நலனே அன்றித் தனிமனிதரின் விருப்பம் அல்ல என்று 'குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்' நூலில் எங்கெல்ஸ் எடுத்துக்காட்டினார். இரண்டு புராட்டஸ்டன்ட் முடியரசுகளுக்கு இடையிலான உறவை உறுதிசெய்ய ஒரு சிறுமியும் ஒரு நோயாளியும் கட்டிவைக்கப்பட்டார்கள். 1768 ஜனவரியில் ஆண் வாரிசு பிறந்தவுடன் அந்த உடன்படிக்கையின் நோக்கம் நிறைவேறிவிட்டது. அதன்பின் அரசியின் வாழ்க்கையைப் பற்றிக் கவலைப்பட அரண்மனையில் யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. இதை 'பொருந்தாத திருமணம்' என்று மட்டும் சொல்லிக் கடப்பது சரியல்ல. பொருத்தம் பார்க்கப்பட்டது மணமக்களுக்கு இடையில் அல்ல, இரு அரசுகளுக்கு இடையில். அந்தப் பொருத்தம் நன்றாகவே பொருந்தியது. பலியானவர்கள் மணமக்கள் இருவருமே.

மருத்துவர் கைக்கு வந்த மகுடம்

யோஹான் ஃப்ரீட்ரிஷ் ஸ்ட்ரூயன்சே ஜெர்மானியர். 1737இல் ஹாலே நகரில் ஒரு மதபோதகரின் மகனாகப் பிறந்தவர். அன்று டேனிஷ் மன்னரின் ஆளுகையில் இருந்த, இன்று ஹாம்பர்க்கின் ஒரு பகுதியாக உள்ள அல்டோனாவில் மருத்துவராக இருந்தார். ஏழைகளின் நோய்க்குக் காரணம் கிருமியும் காற்றும் மட்டுமல்ல, பசியும் அழுக்கும் அறியாமையும்தான் என்பதை அன்றாடம் பார்த்தவர். பிரெஞ்சு அறிவொளிச் சிந்தனையாளர்களைப் படித்தவர். 1768இல் கிறிஸ்டியன் ஐரோப்பியச் சுற்றுப்பயணம் சென்றபோது உடன் செல்லும் மருத்துவராக நியமிக்கப்பட்டார். நோயாளியின் நம்பிக்கையை வென்றார். அரண்மனைக்கு வந்தார். அரசியின் அன்பையும் பெற்றார்.

டென்மார்க்கில் அன்று நிலவியது ஐரோப்பாவிலேயே மிகவும் முழுமையான முடியாட்சி. 1665ஆம் ஆண்டின் அரச சட்டம், மன்னர் கடவுளுக்கு மட்டுமே பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று எழுதியே வைத்திருந்தது. எனவே மன்னரின் கையெழுத்துதான் சட்டம். அந்தக் கை நடுங்கினாலும், அந்த மனம் பேதலித்தாலும், தாளில் விழும் பெயர் சட்டமாகிவிடும். அதுவரை அந்தக் கையைப் பிடித்து எழுதவைத்தவர்கள் நிலப்பிரபுக்களும் ஆலோசனைச் சபையினரும். 1770 முதல் அந்தக் கையைப் பிடித்தவர் ஸ்ட்ரூயன்சே. 1770 டிசம்பரில் பிரபுக்களின் ஆலோசனைச் சபை கலைக்கப்பட்டது. 1771 ஜூலையில் அவருடைய சொந்தக் கையெழுத்துக்கே மன்னரின் கையெழுத்துக்குரிய அதிகாரம் வழங்கப்பட்டது.

ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆணைகள் வெளிவந்தன. 1770 செப்டம்பரில் பத்திரிகைத் தணிக்கை முற்றாக ஒழிக்கப்பட்டது. இப்படித் தணிக்கையை அடியோடு நீக்கிய முதல் நாடு டென்மார்க்தான். வால்டேர் அதைப் பாராட்டிக் கவிதை எழுதினார். விசாரணையில் சித்திரவதை செய்வது தடுக்கப்பட்டது. பதவிகளுக்குப் பிறப்பு அல்ல, தகுதியே அளவுகோல் என்று அறிவிக்கப்பட்டது. திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைகள் மீதும் அவர்களின் தாய்மார்கள் மீதும் சட்டம் சுமத்தியிருந்த இழிவு குறைக்கப்பட்டது. பண்ணைகளில் உழவர்கள் செய்ய வேண்டிய கட்டாய ஊழியத்துக்கு 1771இல் வரம்பு விதிக்கப்பட்டது. அம்மைநோய்க்கு எதிரான பாதுகாப்பு ஊசியைப் பட்டத்து இளவரசனுக்கே போட்டு மக்களின் அச்சம் போக்கப்பட்டது.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு இவை நடந்தன என்பதை மறக்கக்கூடாது. எந்த அளவுகோலால் பார்த்தாலும் இவை முற்போக்கான நடவடிக்கைகள். இவற்றைச் செய்தவர் தன் உயிரால் அதற்கு விலை கொடுத்தார். அந்த மதிப்பை அவருக்கு மறுப்பது நியாயமாகாது.

திரையில் ஓர் உழவன்

படத்தின் சிறப்பு, இந்தச் சீர்திருத்தங்களைக் காதல் கதைக்குப் பின்னணித் திரையாக மட்டும் வைக்காததுதான். மேட்ஸ் மிக்கல்சன் நடித்த ஸ்ட்ரூயன்சேயும் அலிசியா விகாந்தர் நடித்த கரோலின் மத்தில்டாவும் ஒருவரையொருவர் கண்டுகொள்வது புத்தகங்களின் வழியே. தணிக்கைக்குப் பலியான நூல்களை அவர் தன் அலமாரியில் மறைத்து வைத்திருக்கிறார். அவற்றை அரசி கண்டெடுக்கிறார். சிந்தனை ஒன்றானபின் மனமும் ஒன்றாகிறது. மிக்கல் போ ஃபோல்ஸ்கார்ட் நடித்த மன்னர் கேலிப்பொருளாகச் சித்தரிக்கப்படவில்லை. யாராவது தன்னை மனிதனாக நடத்த மாட்டார்களா என்று ஏங்கும் ஒருவராகவே அவர் வருகிறார். மனநோயாளியை நகைச்சுவைக்குப் பயன்படுத்தும் திரைப்பட வழக்கத்துக்கு இது நல்ல மாற்று.

அரசியும் மருத்துவரும் குதிரையில் செல்லும் வழியில், பண்ணையாரின் தண்டனையான மரக்குதிரையில் உட்காரவைக்கப்பட்டு இறந்துபோன ஓர் உழவனைக் காண்கிறார்கள். கூர்முனைப் பலகையின் மீது உட்காரவைத்து வதைக்கும் தண்டனை அது. படத்தின் மனச்சாட்சி அந்த ஒரு காட்சியில்தான் இருக்கிறது. ஆனால் படத்தின் எல்லையும் அதே காட்சியில்தான் இருக்கிறது. ஏனெனில் இந்தக் கதையில் உழவன் கண்ணில் படுவது பிணமாகத்தான். அவன் பேசவில்லை, கேட்கவில்லை, மறுக்கவில்லை. அவனுடைய வேதனை மேலே இருப்பவர்களின் இரக்கத்தைத் தூண்டும் ஒரு காரணமாக மட்டுமே அமைகிறது.

1769இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி டென்மார்க்கின் மக்கள்தொகை சுமார் 8 லட்சம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தவர். 1733இல் கொண்டுவரப்பட்ட சட்டம், உழவர் குடும்பத்து ஆண்கள் தாம் பிறந்த பண்ணையை விட்டு வெளியேறக் கூடாது என்று கட்டிப்போட்டது. 1764இல் அந்தக் கட்டு 4 வயது முதல் 40 வயது வரை நீட்டிக்கப்பட்டது. நான்கு வயதுப் பிள்ளை பண்ணையாரின் உடைமை! படைக்கு ஆள் பிடிப்பது என்பது வெளியில் சொல்லப்பட்ட காரணம். கூலியில்லா உழைப்பைக் கைநழுவ விடாமல் வைத்திருப்பதே உள்ளிருந்த காரணம். அந்த 8 லட்சம் பேரின் கதை படத்துக்குள் இல்லை. அரண்மனை அறைகளில் நடக்கும் மூவரின் கதையே வரலாறாகிறது.

மக்கள் ஏன் வரவில்லை?

இந்தக் கேள்விக்குப் படம் தரும் விடை எளிமையானது. சதிகாரர்கள் அவதூறு பரப்பினார்கள், அறியாத மக்கள் அதை நம்பினார்கள் என்பதே அந்த விடை. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இது பாதி உண்மை. மக்களின் அறியாமையைக் குறைசொல்லி முடித்துக்கொள்ளும் எந்த விளக்கத்தையும் மார்க்சியர்கள் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

முதலாவது, மொழி. ஸ்ட்ரூயன்சே டேனிஷ் மொழியைக் கற்கவே இல்லை. ஆணைகள் ஜெர்மன் மொழியில் பிறப்பிக்கப்பட்டன. மக்களின் விலங்கை உடைப்பதாகச் சொல்லும் சட்டம், மக்களுக்குப் புரியாத மொழியில் வந்தது. திரைப்படத்தில் அவர் இயல்பாக டேனிஷ் பேசுகிறார். படப்பிடிப்பின் வசதிக்காகச் செய்யப்பட்ட மாற்றமாக இருக்கலாம். ஆனால் அந்த ஒரு மாற்றத்தால் அவருடைய வீழ்ச்சிக்கான முக்கியக் காரணம் ஒன்று பார்வையாளரின் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. அவரை வீழ்த்தியவர்கள் அந்தக் காரணத்தை மறக்கவில்லை. 'அந்நியர் ஆட்சி' என்ற கோஷத்தை அவர்கள் பயன்படுத்தினார்கள். மண்ணில் பிறந்தவர்களுக்கே அரசுப் பதவி என்ற சட்டத்தை 1776இல் நிறைவேற்றி மக்களின் ஆதரவைத் தேடிக்கொண்டார்கள். மக்களின் மொழியைச் சீர்திருத்தவாதி கைவிட்டால், பிற்போக்குவாதி அதைக் கையில் எடுத்துக்கொள்வான்.

இரண்டாவது, வயிறு. வீண்செலவைக் குறைப்பது என்ற நல்ல நோக்கத்தில் எடுக்கப்பட்ட முடிவுகள் சாதாரண மக்களின் பிழைப்பிலும் கைவைத்தன. 1771 செப்டம்பரில் நார்வே மாலுமிகள் தங்கள் குறைகளைச் சொல்ல மன்னர் தங்கியிருந்த ஹிர்ஷோல்ம் அரண்மனைக்கே திரண்டு சென்றனர். அவ்வாண்டு டிசம்பரில் காலாட்படைக் காவற்பிரிவு கலைக்கப்பட்டபோது வீரர்கள் கொந்தளித்தனர். இந்தக் கொந்தளிப்புகளில் தன் இயல்பான துணைவர்களை ஸ்ட்ரூயன்சே காணவில்லை. தன் அமைதியைக் குலைக்க வந்த கூட்டத்தையே கண்டார்.

மூன்றாவதும் முதன்மையானதும் அமைப்பு இல்லாமை. உழவர்களுக்குச் சங்கம் இல்லை. நகரத்துத் தொழிலாளிக்கு அரசியல் மேடை இல்லை. பிரபுக்களின் சபையைக் கலைத்த ஸ்ட்ரூயன்சே, அதன் இடத்தில் மக்களின் சபை எதையும் உருவாக்கவில்லை. உருவாக்கும் எண்ணமும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. முடியாட்சியின் வரம்பற்ற அதிகாரத்தை அவர் ஒழிக்கவில்லை, கைப்பற்றிக்கொண்டார். சித்திரவதையை ஒழித்ததும் அதே கையெழுத்து. அவருடைய மரண தண்டனையை உறுதிசெய்ததும் அதே கையெழுத்து. கையெழுத்தால் வந்தது கையெழுத்தால் போயிற்று.

பத்திரிகைச் சுதந்திரத்தின் கதையும் இதுதான். தணிக்கை நீங்கியதும் கோபன்ஹேகனில் நூற்றுக்கணக்கான துண்டுப் பிரசுரங்கள் வெளிவந்தன. பொருளாதாரம், மதம், நிர்வாகம் என எல்லாவற்றையும் பற்றி மக்கள் எழுதினார்கள். கூடவே அரசியையும் அமைச்சரையும் பற்றிய ஆபாச எழுத்துகளும் வந்தன. 1771 அக்டோபரில் அச்சிட்டவரோ எழுதியவரோ பொறுப்பேற்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை ஸ்ட்ரூயன்சேயே கொண்டுவந்தார். சுதந்திரத்தைக் கொடுத்ததற்காகப் பிரபுக்கள் அவரை வெறுத்தார்கள். அதைக் குறுக்கியதற்காக எழுத்தாளர்களும் விலகினார்கள். சுதந்திரம் கொடுத்ததால்தான் அவர் கெட்டார் என்று இதிலிருந்து முடிவுகட்டுவோர் உண்டு. அது தவறான பாடம். அவதூறுக்குப் பதில் சொல்ல மக்கள் மத்தியில் வேரூன்றிய ஓர் இயக்கமும் அதன் ஏடும் இல்லாததே குறை. பேசும் உரிமையைப் பறிப்பது அந்தக் குறைக்கு மருந்தல்ல.

அரசியின் உடலில் நடந்த அரசியல்

சதிகாரர்கள் சீர்திருத்தங்களை எதிர்த்து வாதாடவில்லை. உழவனின் கட்டாய ஊழியத்தைக் குறைத்தது குற்றம் என்று வெளிப்படையாகச் சொல்ல அவர்களால் முடியாது. ஆகவே அரசியின் படுக்கையறையை முன்னால் நிறுத்தினார்கள். நாட்டின் மானம் ஒரு பெண்ணின் உடலில் இருப்பதாகப் பேசினார்கள். அமைச்சரும் அரசியும் உறவை ஒப்புக்கொள்ளும்படி செய்யப்பட்டது. 1772 ஏப்ரல் 6 அன்று திருமணம் ரத்துசெய்யப்பட்டது. ஏப்ரல் 28 அன்று பெருங்கூட்டத்தின் முன்னிலையில் ஸ்ட்ரூயன்சேயும் அவருடைய நண்பர் பிராண்டும் வலக்கை வெட்டப்பட்டு, பின் தலை வெட்டப்பட்டுக் கொல்லப்பட்டனர்.

மன்னரின் நடத்தை கோபன்ஹேகன் முழுவதும் அறிந்ததுதான். இரவு நேரங்களில் அவர் தெருக்களில் நடத்திய அட்டகாசங்கள் எந்த நீதிமன்றத்துக்கும் வரவில்லை. விசாரிக்கப்பட்டவர் அரசி மட்டுமே. பத்து மாதக் குழந்தையான மகளைக் கோட்டையில் விட்டுவிட்டு அவர் கப்பலேற வேண்டியிருந்தது. அண்ணன் மூன்றாம் ஜார்ஜின் ஆட்சிக்குட்பட்ட ஹானோவர் நாட்டின் செல்லே நகரில் தங்கவைக்கப்பட்டார். லண்டனுக்கு அழைக்கப்படவே இல்லை. பிள்ளைகளை மீண்டும் பார்க்காமலேயே 1775 மே மாதம், 23 வயதில், காய்ச்சலில் இறந்துபோனார்.

ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை விசாரிப்பதாகத் தொடங்கி ஒரு சமூகத் திட்டத்தையே புதைப்பது ஆளும் வர்க்கத்துக்குப் பழகிய வழி. அரசி நாடு கடத்தப்பட்ட பிறகு நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். கட்டாய ஊழியத்துக்கான வரம்பு நிலவுடைமையாளர்களுக்குச் சாதகமாக மாற்றப்பட்டது. கலைக்கப்பட்ட அமைப்புகள் திரும்பி வந்தன. மானம் மீட்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட நாட்டில் உண்மையில் மீட்கப்பட்டது பண்ணையாரின் சவுக்குதான்.

இந்தியப் பார்வையாளர்களுக்கு இது அந்நியமான காட்சியல்ல. 'பத்மாவத்' படப்பிடிப்புத் தளம் 2017 ஜனவரியில் ஜெய்ப்பூரில் தாக்கப்பட்டதும், 2018இல் அது வெளியானபோது பல மாநிலங்களில் வன்முறை தூண்டப்பட்டதும் ஓர் அரசியின் மானத்தைக் காப்பதாகச் சொல்லித்தான். தாக்கியவர்களுக்குச் சற்றும் குறையாமல் அந்தப் படமும் அரசியின் உடன்கட்டையைப் போற்றிக் காட்டியது என்பது கசப்பான வேடிக்கை. டேனிஷ் படம் அந்தத் தவறைச் செய்யவில்லை. கரோலின் மத்தில்டாவை அது சிந்திக்கும் பெண்ணாக, அரசியலில் பங்குகொள்ளும் பெண்ணாகக் காட்டுகிறது. இதற்காகவே அது பார்க்கத்தக்க படம்.

இரண்டாவது முடிவு

படம் ஒரு நம்பிக்கையோடு முடிகிறது. 1784 ஏப்ரலில் பட்டத்து இளவரசன் ஃப்ரெடரிக், தந்தையின் கையெழுத்தைத் தன் பக்கம் பெற்று, பிற்போக்கு ஆட்சியை அகற்றுகிறான். 1788 ஜூன் 20 அன்று உழவர்களைப் பண்ணையோடு கட்டிவைத்த சட்டம் ஒழிக்கப்படுகிறது. தாயின் கனவை மகன் நிறைவேற்றினான் என்று பார்வையாளர் கண்ணீரோடு எழுந்து செல்லலாம்.

வரலாறு அவ்வளவு எளிதாக எழுந்து செல்ல விடாது. 1788இன் சீர்திருத்தத்துக்குப் பின்னால் தானிய விலை ஏற்றம் இருந்தது. கட்டாய உழைப்பைவிடக் கூலி உழைப்பே லாபம் என்று கணக்குப் பார்த்த நிலவுடைமையாளர்களின் ஒரு பகுதி இருந்தது. பொது நிலங்கள் பிரிக்கப்பட்டுத் தனித்தனிப் பண்ணைகளாக்கப்பட்டன. நிலம் வைத்திருந்த உழவர் மெல்ல மெல்லத் தலைநிமிர்ந்தார். ஆனால் சிறு குடிசையும் கையகல நிலமும் மட்டுமே இருந்தவர்கள், ஆடுமாடு மேய்க்க இருந்த பொது நிலத்தையும் இழந்து, பண்ணைக் கூலிகளாகவே நின்றார்கள். மேலிருந்து வந்த விடுதலை, கீழே இறங்க இறங்க மெலிந்துகொண்டே வந்தது. கடைசிப் படியில் நின்றவரை அது வந்தடையவே இல்லை.

சர்க்கரையும் சங்கிலியும்

படத்தின் சட்டகத்துக்குள் வராத இன்னொரு டென்மார்க்கும் உண்டு. அந்த அரண்மனையின் பட்டும் பீங்கானும் தேநீரும் சர்க்கரையும் எங்கிருந்து வந்தன? கரீபியன் கடலில் செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான், செயின்ட் குரோய் ஆகிய தீவுகள் டேனிஷ் காலனிகள். ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் டேனிஷ் கொடி பறந்த கப்பல்களில் அடிமைகளாக ஏற்றப்பட்டனர். நாட்டின் நிதியைக் கையாண்ட ஷிம்மல்மன் குடும்பமே அத்தீவுகளில் பெரும் கரும்புத் தோட்டங்களை வைத்திருந்தது.

கிழக்கே, சோழமண்டலக் கரையில் தரங்கம்பாடி. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்து 1620இல் டேனியர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது. 1706இல் அங்கே வந்து தமிழ் அச்சுக்கு வழிவகுத்த சீகன்பால்கு கல்வி பெற்றதும், ஸ்ட்ரூயன்சே பிறந்ததும் ஒரே ஹாலே நகரம்தான். கரோலின் மத்தில்டா டேனிஷ் அரசியாக இருந்தபோது தரங்கம்பாடி டேனிஷ் ஆசியக் கம்பெனியின் கையில் இருந்தது. 1845இல் அந்த ஊரும் வங்காளத்தின் செராம்பூரும் 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன. ஊரில் வாழ்ந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அங்கும் போதுமானதாக இருந்தது ஒரு கையெழுத்து.

அடிமைகளின் கதையே இந்த வரலாற்றின் உண்மையான முடிவு. அடிமை வணிகத்தைத் தடைசெய்யும் ஆணை 1792இல் வந்தது. ஆனால் அது நடைமுறைக்கு வந்தது 1803இல்தான். இடைப்பட்ட பத்தாண்டுகள், தோட்ட முதலாளிகள் ஆள் சேர்த்துக்கொள்ளக் கொடுக்கப்பட்ட அவகாசம். 1847இல் வந்த இன்னொரு அரச ஆணை, இனிப் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரர்கள் என்றும், மற்றவர்கள் 12 ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. தீவின் மக்கள் பொறுத்திருக்கவில்லை. 1848 ஜூலை 3 அன்று செயின்ட் குரோயின் ஃப்ரெடரிக்ஸ்டெட் கோட்டைக்கு முன்னால் ஆயிரக்கணக்கான அடிமைகள் திரண்டு விடுதலை கேட்டனர். ஆளுநர் அன்றே விடுதலையை அறிவித்தார். மன்னரின் பேனா பன்னிரண்டு ஆண்டுகள் தள்ளிவைத்ததை, திரண்ட மக்கள் ஒரே நாளில் எடுத்துக்கொண்டார்கள்.

அதே தீவில் 1878இல் கூலி உழைப்பாளிகள் மீண்டும் எழுந்தார்கள். பெயரளவிலான சுதந்திரத்துக்குப் பின்னும் அவர்களை ஆண்டுக்கணக்கில் தோட்டத்தோடு கட்டிப்போட்ட ஒப்பந்த விதிகளுக்கு எதிரான எழுச்சி அது. தலைமை தாங்கிய பெண்களில் ஒருவர் மேரி தாமஸ். உழைப்பாளிகள் அவரை 'ராணி மேரி' என்று அழைத்தார்கள். கைதுசெய்யப்பட்டுக் கோபன்ஹேகன் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார். 2018இல் கோபன்ஹேகன் துறைமுகத்தருகே, ஒரு காலத்தில் தீவுகளின் சர்க்கரை அடுக்கிவைக்கப்பட்ட கிடங்கின் முன்னால், அவர் நினைவாக ஒரு சிலை நிறுவப்பட்டது. ஒரு கையில் தீப்பந்தம், மறுகையில் கரும்பு வெட்டும் கத்தி. இந்த ராணிக்கு மகுடத்தைக் கொடுத்தது எந்தத் திருமணமும் அல்ல.

பார்க்க வேண்டிய படம், கேட்க வேண்டிய கேள்வி

அரச குடும்பத்துக் கதைகளின் மீதான ஆர்வத்தை இகழ்ந்து ஒதுக்கிவிட முடியாது. பட்டாடைக்குள்ளும் ஒரு பெண் மூச்சுத் திணறுகிறாள் என்பதை உழைக்கும் மக்கள் உடனே புரிந்துகொள்கிறார்கள். விருப்பமில்லாத திருமணம், சொல்ல முடியாத தனிமை, பிரிக்கப்பட்ட பிள்ளைகள் ஆகியவை அரண்மனைக்கு மட்டும் உரியவை அல்ல. அந்த இரக்கம் நல்லது. ஆனால் மன்னரோடும் அரசியோடும் அது நின்றுவிட்டால், மரக்குதிரையில் இறந்த உழவன் மறுபடியும் பின்னணிப் பொருளாகிவிடுவான்.

திரைப்பட இயக்கங்களும் கட்சிக் கிளைகளும் இந்தப் படத்தைத் திரையிட்டு விவாதிப்பது பயனுள்ளது. அந்த விவாதம் ஸ்ட்ரூயன்சே நல்லவரா கெட்டவரா என்பதோடு முடியக் கூடாது. அவர் நல்லவர்தான். நல்லவர் ஒருவர் உச்சியில் அமர்ந்தால் போதும் என்ற நம்பிக்கைதான் விசாரிக்கப்பட வேண்டும். நல்ல சட்டம் வந்தும் அது கிராமத்தின் கடைக்கோடிக் குடிசையை எட்டாமல் போவது, உரிமை பெற்றவர்களே அதைக் காக்கத் திரட்டப்படாமல் இருப்பது, ஒரு நள்ளிரவில் எல்லாம் தலைகீழாவது ஆகியவை பதினெட்டாம் நூற்றாண்டோடு முடிந்துபோன கதைகள் அல்ல.

1772 ஜனவரியின் அந்த விடியலில் கோபன்ஹேகன் தெருக்களில் கூட்டம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அது அமைச்சரின் வீழ்ச்சியைக் கொண்டாடிய கூட்டம். 76 ஆண்டுகள் கழித்து ஃப்ரெடரிக்ஸ்டெட் கோட்டையின் முன்னாலும் கூட்டம் இருந்தது. அது தன் விடுதலையைத் தானே கேட்டு வந்த கூட்டம். முதல் கூட்டத்தை இரண்டாவது கூட்டமாக மாற்றும் பொறுமையான, அன்றாட வேலைக்குத்தான் அமைப்பு என்று பெயர். அந்த வேலையை எந்தக் கையெழுத்தாலும் செய்துவிட முடியாது.